பாடசாலை நற்குணத்தை வளர்க்கிறதா? ஆராயத் தொடங்குவோருக்கு ஓர் அறிமுகம்

யாழ்ப்பாணத்தில் எந்தப் பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்குப் போனாலும் அதிபர் அறிக்கையில் இரண்டு விடயங்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று பரீட்சைப் பெறுபேறு. சாதாரண தரத்தில் எத்தனை பேர் ஒன்பது ஏ எடுத்தார்கள், உயர்தரத்தில் எத்தனை பேர் மருத்துவ பீடத்துக்குத் தெரிவானார்கள், புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர் என்று எல்லாம் இலக்கத்தில் வரும். மற்றது ஒரே வசனத்தில் முடிந்துவிடும்: ஒழுக்கமும் நற்பண்பும் மிக்க மாணவர் சமுதாயத்தை எமது பாடசாலை உருவாக்கி வருகிறது. எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த வசனம் உண்மைதானா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் எதைக் காட்டிப் பதில் சொல்வது?

இந்தக் கேள்வியோடு ஆய்வாளர்கள் ஏறத்தாழ நூறு வருடமாக மல்லுக்கட்டி வருகிறார்கள். அவர்கள் கண்டது என்ன, எப்படிக் கண்டார்கள், நம்மூர்ப் பாடசாலை ஒன்றில் அதைச் சிறிய அளவில் எப்படிச் செய்து பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. கோப்பாயில் ஆசிரியர் பயிற்சி பெறுபவர்களையும், பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குச் செயல்நிலை ஆய்வு ஒன்று செய்தாக வேண்டியவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் தாய் தகப்பனுக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதலில், நற்குணம் என்று எதைச் சொல்கிறோம்? ஏழாம் தர வகுப்பொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சொல்வதெழுதல் முடிந்தது. பக்கத்தில் இருப்பவரோடு கொப்பியை மாற்றித் திருத்துங்கோ என்கிறார் ரீச்சர். ஒரு பிள்ளை தன் சிநேகிதியின் கொப்பியைப் பார்க்கிறாள். 'வாழை' என்று வரவேண்டிய இடத்தில் 'வாளை' என்று இருக்கிறது. ஒருமுறை ரீச்சரைப் பார்க்கிறாள். பிறகு அழிறப்பரால் மெல்ல அழித்து, சரியாக எழுதி, சரியும் போட்டுவிடுகிறாள். கேட்டால், "புள்ளி குறைஞ்சா அவவின்ர அப்பா அடிப்பார் ரீச்சர்" என்பாள்.

இந்தப் பிள்ளை கெட்டவளா? பொய் சொல்லக்கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சைவநெறிப் பாடத்தில் வாய்மை பற்றிய கேள்விக்கு முழுப் புள்ளியும் வாங்கியிருப்பாள். இன்னொருத்தி அடி வாங்குவதைப் பொறுக்காத மனமும் அவளிடம் இருக்கிறது. ஆனால் செய்தது நேர்மையான காரியம் இல்லை. இப்படி எது சரி என்ற அறிவு, அதைப் பற்றிய உணர்வு, கடைசியில் கை செய்யும் செயல் என்று மூன்று விடயங்கள் ஒரே பிள்ளைக்குள் மூன்று திசையில் இழுக்கலாம். குணவளர்ச்சியை ஆராய்பவர்கள் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும். நமது பரீட்சைத்தாள்கள் முதலாவதை மட்டுமே தொடுகின்றன.

அறிவுக்கும் செயலுக்கும் உள்ள தூரத்தை முதன்முதலில் பெரிய அளவில் அளந்தவர்கள் அமெரிக்காவின் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே இருவரும். 1920களில் 8 முதல் 16 வயது வரையான ஏறத்தாழ 11,000 பிள்ளைகளை அவர்கள் சோதித்தார்கள். நீ நேர்மையானவனா என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஏமாற்ற வாய்ப்புக் கொடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரு முறை இப்படி: பிள்ளைகள் பரீட்சை எழுதுவார்கள். தாள்களைச் சேர்த்து எடுத்துப்போய் ஒவ்வொருவரின் விடையையும் இரகசியமாகப் பிரதி செய்து வைப்பார்கள். அடுத்து வரும் வகுப்பில் அதே தாளையும் சரியான விடைகளின் பட்டியலையும் கொடுத்து, உங்கள் தாளை நீங்களே திருத்துங்கள் என்பார்கள். யார் விடையை மாற்றினார், எத்தனை மாற்றினார் என்பது பிரதியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

1928 முதல் 1930 வரை வெளியான முடிவுகள் பலரை அதிரவைத்தன. ஒழுக்க விதிகளை நன்றாகத் தெரிந்திருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாக ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியவில்லை. ஞாயிறு சமய வகுப்புக்கு ஒழுங்காகப் போனதாலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இன்னொன்று இதைவிட முக்கியம்: வகுப்பில் ஏமாற்றிய பிள்ளை விளையாட்டிலும் ஏமாற்றும் என்று சொல்ல முடியவில்லை. ஒரு இடத்தில் நேர்மையாக நடந்த பிள்ளை வேறொரு இடத்தில் தடுமாறியது. அதனால் நேர்மை என்பது பிள்ளைக்குள் நிலையாக இருக்கும் ஒரு குணம் அல்ல, சூழ்நிலையைப் பொறுத்தது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். 1963 இல் ரோஜர் பேர்ட்டன் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, சூழ்நிலையின் பங்கு பெரிதுதான், என்றாலும் எல்லா இடத்துக்கும் பொதுவான நேர்மை ஒன்றும் ஓரளவு இருக்கிறது என்று காட்டினார். சரி, யார் சொன்னதை எடுத்துக்கொண்டாலும், ஒரு தாளில் ஒரு நாள் அளந்துவிட்டு இந்தப் பிள்ளை இப்படித்தான் என்று எழுதமுடியாது.

சூழ்நிலை எவ்வளவு தூரம் ஆளும் என்பதற்கு 1973 இல் ஜோன் டார்லி, டேனியல் பாற்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அமெரிக்காவின் பிரின்ஸ்ரனில் இறையியல் படித்த 40 மாணவர்களை, இன்னொரு கட்டடத்துக்குப் போய்ச் சிறிய உரை ஒன்று நிகழ்த்தச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பு நல்ல சமாரியன் உவமை, அதாவது வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு நின்று உதவியவனைப் பற்றிய பைபிள் கதை. போகும் வழியில் ஒருவர் குனிந்து இருமிக்கொண்டு, முனகியபடி வாசலில் கிடந்தார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 வீதமானோர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். பிந்திவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 வீதம்தான். சமாரியன் பற்றிப் பேசப் போகிறவரா, வேறு தலைப்பில் பேசப் போகிறவரா என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டைத் தரவில்லை.

பாடசாலை மணி அடித்ததும் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ரியூசனுக்குச் சைக்கிள் மிதிக்கும் நம் பிள்ளைகளை இந்த ஆய்வோடு சேர்த்து யோசியுங்கள். கந்தர்மடத்திலோ கொக்குவிலிலோ சந்தியில் ஒரு வயதானவர் விழுந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளை நிற்குமா? நிற்காவிட்டால் அது குணக் குறைபாடா, நேர அட்டவணைக் குறைபாடா? என்னைக் கேட்டால், இங்கே குணவளர்ச்சியை ஆராயப் புறப்படும் எவரும் பிள்ளையின் ஒரு வார நேர அட்டவணையை முதலில் வாங்கிப் பார்க்கவேண்டும்.

நடத்தையை அளப்பது ஒரு வழி. பிள்ளை எப்படி நியாயம் கற்பிக்கிறது என்று கேட்பது இன்னொரு வழி. சுவிற்சர்லாந்தின் ஜான் பியாஜே பிள்ளைகளோடு மார்பிள் விளையாடிக்கொண்டே விதிகளைப் பற்றி விசாரித்தார்; அவருடைய ஆய்வு 1932 இல் வந்தது. தெரியாமல் பதினைந்து கோப்பையை உடைத்த பிள்ளையா, களவாக ஜாம் எடுக்கப்போய் ஒரு கோப்பையை உடைத்த பிள்ளையா கூடப் பிழை செய்தது என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் பதினைந்து உடைத்த பிள்ளைதான் என்பார்கள். வளர்ந்த பிள்ளைகள் நோக்கத்தைப் பார்ப்பார்கள். லோரன்ஸ் கோல்பேர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1958 இல் முடித்த ஆய்வில், சிக்காகோவின் 10, 13, 16 வயதுப் பையன்களிடம் தர்மசங்கடமான கதைகளைச் சொல்லி, என்ன செய்யவேண்டும், ஏன் என்று கேட்டார். தண்டனைக்குப் பயந்து சொல்லும் காரணத்திலிருந்து, நாலு பேர் மெச்சவேண்டும் என்ற காரணத்தையும் சட்டத்தையும் தாண்டி, பொதுவான நீதி வரை படிநிலைகள் உண்டு என்றார். பையன்களை மட்டும் கேட்டுவிட்டு மனிதரைப் பற்றிப் பேசுகிறீர்களே, அக்கறை காட்டுவது ஏன் உங்கள் படிநிலையில் கீழே கிடக்கிறது என்று 1982 இல் கரோல் கில்லிகன் என்ற உளவியலாளர் கேட்டார். சிநேகிதியின் கொப்பியைத் திருத்திய நம் பிள்ளையை விளங்கிக்கொள்ளக் கில்லிகன்தான் கூட உதவுவார் என்று நினைக்கிறேன்.

கோல்பேர்க் கதை சொல்லிக் கேட்பதோடு நின்றுவிடவில்லை. 1974 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு சிறு பாடசாலையை நீதியான சமூகமாக நடத்திப் பார்க்க உதவினார். அங்கே விதிகளை மாணவரும் ஆசிரியரும் ஒன்றாகக் கூடி முடிவெடுத்தார்கள். ஆசிரியருக்கும் ஒரு வாக்கு, மாணவருக்கும் ஒரு வாக்கு. ஒருமுறை ஒரு மாணவியின் பணம் களவு போனது. பணம் திரும்பி வராவிட்டால் எல்லோரும் சேர்ந்து போட்டு அவளுக்குக் கொடுக்கவேண்டும் என்று பிள்ளைகளே தீர்மானித்தார்கள். களவு எடுத்தவனைப் பிடி என்பதிலிருந்து, நம் வகுப்பில் ஒருத்தி இழந்ததற்கு நாமும் பொறுப்பு என்ற இடத்துக்கு வருவது சின்ன விடயம் இல்லை. நமது பாடசாலைகளிலும் மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது. அதில் பிள்ளைகள் உண்மையில் எதை முடிவு செய்கிறார்கள்? பதவியேற்புப் படம் எடுத்த பிறகு எத்தனை தடவை கூடினார்கள்? இது நல்லதோர் ஆய்வுத் தலைப்பு.

இங்கேதான் நான் கூட நேரம் நிற்க விரும்பும் கருத்து வருகிறது. 1968 இல் பிலிப் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் மறைவான கலைத்திட்டம் என்ற ஒன்றைப் பற்றி எழுதினார். பாடத்திட்டத்தில் எழுதியிராத, ஆனால் பாடசாலை நாள்தோறும் படிப்பித்துக்கொண்டே இருக்கும் பாடம் அது. வரிசையில் நிற்பது, காத்திருப்பது, யாருக்குப் புகழ், யாருக்கு ஏச்சு, யார் முன் வாங்கு, யார் பின் வாங்கு என்பதையெல்லாம் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. கணக்குப் பாடத்தை மறந்தாலும் இதை மறக்காது.

இதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தார் அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. 1920களில் இங்கே பல பாடசாலைகள் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்க்கவே மறுத்தன. சேர்த்த இடங்களிலும் மற்றவர்கள் வாங்கில் இருக்க, அந்தப் பிள்ளைகள் நிலத்தில் இருக்கவைக்கப்பட்டார்கள். அதே வகுப்பில் சமய பாடம் நடந்தது, நீதிப்பாடல்கள் மனனம் செய்யப்பட்டன. வாங்கில் இருந்த பிள்ளைக்கும் நிலத்தில் இருந்த பிள்ளைக்கும் அன்று கிடைத்த அறப்பாடம் எது? ஆசிரியர் வாயால் சொன்னதா, அல்லது இருக்கை சொன்னதா? அரச நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்ற கட்டளை அந்தப் பத்தாண்டின் இறுதியை ஒட்டி வந்தபோது கடும் எதிர்ப்புக் கிளம்பியது. 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஹன்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்களின் முன்னணியில், சாதி வேற்றுமைக்கு எதிராகவும் சம ஆசனத்துக்கு ஆதரவாகவும் நின்றது. ஒரு புதிய நீதிநூலைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதைவிட எல்லோரையும் ஒரே வாங்கில் இருத்துவது பெரிய அறக்கல்வி என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே இன்றைக்கு ஒரு பாடசாலையை ஆராயப் போகிறவர் பாடக்குறிப்பேட்டை மட்டும் பார்த்துவிட்டு வரக்கூடாது. காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடப்படுகிறது, நற்சிந்தனை வாசிக்கப்படுகிறது, நல்லது. அப்புறம் என்ன நடக்கிறது? பிந்தி வந்த பிள்ளை வாசலில் எப்படி நடத்தப்படுகிறது? மாணவ தலைவர் சின்னம் யாருக்குக் கிடைக்கிறது, ஏன்? புள்ளியின்படி வகுப்புப் பிரித்திருந்தால் கடைசிப் பிரிவுப் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர் ஓய்வறையில் என்ன பேச்சு? தவறான கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்ட ஆசிரியர், பிள்ளை சுட்டிக்காட்டினால் நன்றி சொல்கிறாரா, முறைக்கிறாரா? உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றுநிருபம் சொல்கிறது. வகுப்பில் பிரம்பு இருக்கிறதா? இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சப்பாத்தும் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணுவது சுலபம். அது ஆள் பார்க்கும்போது அடங்கி நடப்பதைத்தான் காட்டும். பார்க்க ஆளில்லாத நேரத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்பதை அறிவது கடினமான வேலை. ஆய்வு என்று நான் சொல்வது அதைத்தான்.

சரி, ஒரு பாடசாலை புதிதாக ஒரு குணவளர்ச்சித் திட்டத்தைத் தொடங்குகிறது. அது பலன் தந்ததா என்று எப்படி அறிவது? வருட முடிவில் பிள்ளைகள் நன்றாக நடந்தார்கள் என்பது போதாது. ஒரு வயது கூடியதே காரணமாக இருக்கலாம். நகரப் பாடசாலையைத் தீவகப் பாடசாலையோடு ஒப்பிடுவதும் சரிவராது. புலமைப்பரிசிலில் தெரிவாகி வந்த பிள்ளைகளும், வீட்டு வசதியும், ஆசிரியர் எண்ணிக்கையும் வேறு. நீர்வேலிப் பக்கம் வெங்காயம் செய்கிறவர் புதுப் பசளையை ஒரே தோட்டத்தின் சில பாத்திகளுக்கு மட்டும் போட்டு, மற்றப் பாத்திகளோடு பார்ப்பார் அல்லவா, அதே முறைதான் இங்கும் வேண்டும். பல பாடசாலைகளை எடுத்து, எதில் திட்டம், எதில் வழக்கமான நடைமுறை என்பதைத் திருவுளச்சீட்டில் தீர்மானிக்கவேண்டும். விரும்பிக் கேட்ட அதிபரின் பாடசாலைக்கே திட்டத்தைக் கொடுத்தால், பலன் திட்டத்தாலா அந்த அதிபராலா என்று பிரிக்கமுடியாமல் போய்விடும்.

இப்படிச் செய்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? கலவையான பதில்தான். 2011 இல் ஜோசப் டர்லக்கும் சகாக்களும் சமூக, உணர்வுசார் கற்றல் திட்டங்கள் (தன் உணர்வை ஆளவும் மற்றவரோடு ஒத்துப்போகவும் பழக்குபவை) 213 ஐ, மொத்தம் 270,034 மாணவர்களின் தரவுகளோடு தொகுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் நடத்தை சீரானது. கல்வி அடைவும் உயர்ந்தது. நூறு பேரில் நடுவில் நிற்கும் பிள்ளை பதினொரு இடம் முன்னேறும் அளவு என்று கணித்தார்கள். ஆனால் 2010 இல் அமெரிக்க அரசின் கல்வி ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை வேறு விதம். 84 ஆரம்பப் பாடசாலைகளில் ஏழு குணவளர்ச்சித் திட்டங்களைச் சீட்டுப்போட்டுப் பகிர்ந்து சோதித்ததில், சராசரியாகப் பார்த்தால் பிள்ளைகளில் முன்னேற்றம் தெரியவில்லை. ஒரு காரணம் கவனிக்கத்தக்கது: ஒப்பீட்டுக்காக வைத்திருந்த பாடசாலைகளும் தங்கள் பாட்டில் இதுபோன்ற வேலைகளைச் செய்துகொண்டுதான் இருந்தன. இங்கும் அப்படித்தான் வரும். பிரார்த்தனையும் சாரணியமும் சிரமதானமும் இல்லாத பாடசாலை யாழ்ப்பாணத்தில் எங்கே தேடுவது?

அளக்கும் கருவியையும் சந்தேகத்தோடு பார்க்கவேண்டும். வினாக்கொத்தில் "நான் எப்போதும் உண்மை பேசுவேன்" என்று இருந்தால் நம் பிள்ளை ஆம் என்றுதான் அடையாளமிடும். ரீச்சர் விரும்பும் விடை எது என்று கண்டுபிடிப்பதில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர். திட்டத்தை நடத்திய ஆசிரியரிடமே பிள்ளைகள் மாறினார்களா என்று கேட்டால் அவர் தன் உழைப்புக்கே புள்ளி போடுவார். விடுகைப்பத்திரத்தில் நடத்தை 'மிக நன்று' என்று எழுதுவதால் எந்தப் பிள்ளையையும் பற்றி எதுவும் தெரியவராது. ஜப்பானில் 2018 இல் ஒழுக்கக் கல்வி ஆரம்பப் பாடசாலைகளில் முறையான பாடமானபோது, அதற்குப் புள்ளி போடுவதில்லை, பிள்ளையின் வளர்ச்சியை எழுத்தில் விவரிப்பது என்றே வைத்தார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆரம்பிப்பவர் செய்யக்கூடிய சிறிய ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். எட்டாம் தரத்தில் இரண்டு சமாந்தர வகுப்புகள். இரண்டிலும் ஒரு ராக்கையில் அறுபது கதைப்புத்தகங்கள், ஒரு கொப்பி, நூலில் கட்டிய ஒரு பேனை. எடுப்பவர் தானே பெயர் எழுதி எடுக்கவேண்டும், திருப்பி வைத்ததும் வெட்டிவிடவேண்டும். காவல் யாரும் இல்லை. முதல் ஆறு வாரம் ஒன்றும் செய்யாமல், வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை முடிந்தபின் பதியாமல் போன புத்தகங்களை மட்டும் எண்ணுங்கள். பிறகு சீட்டுப்போட்டு ஒரு வகுப்பைத் தெரிவுசெய்து, அதில் வாராந்தம் இருபது நிமிடம் வகுப்புக் கூட்டம் வையுங்கள். ராக்கையைப் பற்றிப் பிள்ளைகளே பேசட்டும், விதியையும் அவர்களே போடட்டும். ஆசிரியர் ஏசவும் கூடாது, உபதேசிக்கவும் கூடாது. மற்ற வகுப்பு முன்போலவே இருக்கட்டும். எண்ணுவதை, எந்த வகுப்பில் கூட்டம் நடக்கிறது என்று தெரியாத ஒருவர் செய்தால் நல்லது. அடுத்த தவணையில் மற்ற வகுப்பிலும் கூட்டத்தைத் தொடங்கி அங்கும் மாற்றம் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு வகுப்பை வைத்துப் பெரிய முடிவு சொல்லமுடியாது. இடைவேளையில் பிள்ளைகள் கதைத்து விதி அடுத்த வகுப்புக்கும் பரவிவிடலாம், அதையும் அறிக்கையில் எழுதவேண்டும். ஆனால் "மாணவரிடம் நேர்மை வளர்ந்துள்ளதாக அவதானிக்கப்பட்டது" என்ற வசனத்தைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஆய்வு செய்பவரின் அறமும் இதில் உண்டு. அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் எழுத்து மூல அனுமதி, பெற்றோரின் சம்மதம், பிள்ளையின் சம்மதம் ஆகியவை கட்டாயம். புத்தகம் எடுத்தது யார் என்று தேடக்கூடாது. நமக்கு வேண்டியது வகுப்பின் எண்ணிக்கை, ஒரு பிள்ளையின் பெயர் இல்லை. ஹார்ட்ஷோர்னும் மேயும் செய்ததுபோல் பிள்ளைகளை இரகசியமாகச் சோதிப்பதை இன்று ஆய்வு நெறிக் குழுக்கள் இலேசில் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. போரிலே உறவுகளை இழந்த வீடுகள், கடனில் தவிக்கும் வீடுகள், தகப்பன் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. பசியோடு வந்த பிள்ளை இன்னொருவரின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் அதை நேர்மைக் குறைவு என்ற நிரலில் போடுவதற்கு முன் ஆய்வாளர் நிற்கவேண்டும்.

கணக்கெடுப்பு முடிந்ததும் அட்டவணையை முதலில் அந்தப் பிள்ளைகளிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். மூன்றாம் வாரம் ஏன் ஏழு புத்தகம் குறைந்தது, ஒன்பதாம் வாரம் எப்படி நான்கு திரும்பி வந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணங்களை அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இலக்கங்களுக்குப் பக்கத்தில் அதுவும் உங்கள் தரவுதான்.